மெட்ராஸ் ஐ சீசனில் மருந்துக்கடை மேசை: எதற்குக் காசு கொடுக்கலாம், எதை அங்கேயே விட்டுவிடலாம்

மழைக்காலம் தொடங்கியதும் மருந்துக்கடை மேசைமேல் ஒரு அட்டைப்பெட்டி ஏறிவிடும். உள்ளே 5 மில்லி சொட்டு மருந்துக் குப்பிகள். பக்கத்தில் கறுப்புக் கண்ணாடி தொங்கும் அட்டை, சானிடைசர், பன்னீர் பாட்டில். "மெட்ராஸ் ஐ-க்கு ஒண்ணு குடுங்கண்ணே" என்றால் போதும். எத்தனை நாளாக, ஒரு கண்ணா இரண்டு கண்ணா, பார்வை தெளிவாக இருக்கிறதா, லென்ஸ் போடுவீர்களா என்று எந்தக் கேள்வியும் இல்லாமல் ஒரு குப்பி கைக்கு வந்துவிடும். இந்த மேசையில் விற்பவை ஒவ்வொன்றும் என்ன செய்யும், என்ன செய்யாது என்று வரிசையாகப் பார்த்துவிடுவோம். எங்கள் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: அதிகம் விற்பவைதான் குறைவாகப் பயன்படுகின்றன. மிகவும் பயன்படும் பொருள்கள் மளிகைக்கடையில் கிடைக்கின்றன.

மதிப்பெண் போடும் முன் எதிராளி யார் என்று தெரிய வேண்டும். மெட்ராஸ் ஐ என்று அலை அலையாகப் பரவும் கண்வலி பெரும்பாலும் வைரஸால் வருவது. அதில் இரண்டு கூட்டம் உண்டு. ஒன்று அடினோ வைரஸ். தொற்றிய 5 முதல் 12 நாளில் கண் சிவக்கும், நீர் வடியும், மண் விழுந்தது போல் உறுத்தும், காதுக்கு முன்னால் நெறி கட்டும். முதலில் ஒரு கண், சில நாள் கழித்து மற்றது. முழுதாக அடங்க இரண்டு, மூன்று வாரம்கூட ஆகும். இன்னொன்று என்டெரோ வைரஸ் 70, காக்சாக்கி ஏ24 ஆகியவை கிளப்பும் வகை. தொற்றி ஒன்றிரண்டு நாளிலேயே வெடிக்கும், வெள்ளைவிழியில் ரத்தத் திட்டு தெரியும், பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் ஒரு வாரத்துக்குள் பெரும்பாலும் தணிந்துவிடும். இந்த இரண்டாம் வகை 1969-ல் கானாவில் முதன்முதலாக அடையாளம் காணப்பட்டது. 1971-ல் வங்கதேசப் போர்க் காலத்தில் கல்கத்தாவை உலுக்கிய கண்நோயும் இதுதான்.

இந்த வைரஸ்கள் அனைத்துக்கும் பொதுவான ஒரு சங்கதி உண்டு. இவற்றுக்குக் கொழுப்பாலான மேலுறை கிடையாது. கொரோனா வைரஸுக்கு அது இருந்தது. சோப்பும் ஆல்கஹாலும் அந்த உறையைக் கரைத்து வைரஸைச் சுலபமாகக் கொன்றன. இங்கே அந்த வசதி இல்லை. அடினோ வைரஸ் உலர்ந்த பிளாஸ்டிக், உலோகப் பரப்புகளில் வாரக்கணக்கில் உயிரோடு கிடக்கும். கீழே வரும் பொருள்களில் பாதியின் மதிப்பை இந்த ஒரு சங்கதியே தீர்மானித்துவிடுகிறது.

ஆன்டிபயாடிக் சொட்டு

அட்டைப்பெட்டியில் இருப்பது பெரும்பாலும் மாக்ஸிஃப்ளாக்சசின் 0.5 சதவீதம் அல்லது சிப்ரோஃப்ளாக்சசின் 0.3 சதவீதம். இரண்டும் நல்ல மருந்துகள்தான், பாக்டீரியாவுக்கு. வைரஸை இவை ஒன்றும் செய்யாது. "போட்ட மூணாவது நாள் சரியாயிடுச்சு" என்று சொல்பவர்களுக்கு வந்தது, எதுவும் போடாவிட்டாலும் அந்த வாரத்தில் தணிந்திருக்கும் வகையாகவே பெரும்பாலும் இருக்கும். பெயர் மட்டும் சொட்டுக்குக் கிடைக்கிறது.

அப்படியானால் எப்போது வாங்கலாம்? வைரஸ் கண்வலியில் வடிவது தண்ணீர் போன்ற நீர். காலையில் இமை லேசாக ஒட்டியிருக்கும், கொஞ்சம் வெண்பீளை இருக்கும். மாறாக, மஞ்சளாகவோ பச்சையாகவோ கெட்டியான பீளை, துடைத்த சில நிமிடத்தில் மறுபடி சேர்ந்தால் அது பாக்டீரியாவின் வேலையாக இருக்கலாம். அப்போதும் மருத்துவர் பார்த்து எழுதிக் கொடுக்க வேண்டிய மருந்துதான் இது. சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதவை பட்டியலில் இருக்கிறது. மாக்ஸிஃப்ளாக்சசின் என்றால் வழக்கமான அளவு ஒரு நாளைக்கு 3 வேளை, வேளைக்கு ஒரு சொட்டு, 7 நாள். இரண்டாம் நாளே கண் தெளிந்துவிட்டது என்று நிறுத்திவிட்டு, மிச்சத்தை அடுத்த சீசனுக்கு எடுத்துவைப்பது நம் ஊர்ப் பழக்கம். திறந்த குப்பிக்கு ஆயுள் ஒரு மாதம். அடுத்த சீசனில் அந்தக் குப்பியின் வாய்தான் கிருமிக்கு வீடு.

குளோராம்ஃபெனிகால் களிம்பு தனித்தனி கேப்சூலாக வருகிறதே, அதை நாங்கள் ஒரு படி மேலாகவே மதிப்போம். ஒரு கேப்சூல், ஒரு தடவை, தூக்கி எறி. ஒரே குப்பியை வீடு முழுக்கச் சுற்றவிடும் வேலை அதில் நடக்காது. போட்டதும் அரை மணி நேரம் பார்வை மசமசவென்று இருக்கும், அதனால் இரவில் படுக்கும் முன் சரிப்படும். வண்டி ஓட்டும் முன் கூடாது. ஆனால் இதுவும் வைரஸுக்கு மருந்தல்ல என்பதை மறந்துவிட வேண்டாம்.

ஸ்டீராய்டு கலந்த சொட்டு: மேசையிலேயே ஆபத்தான பொருள்

அதே ஆன்டிபயாடிக், அதே 5 மில்லி, அதே அளவு அட்டைப்பெட்டி. பிராண்டு பெயருக்குப் பின்னால் "டி" அல்லது "எல்பி" என்று ஒரு சின்ன ஒட்டு மட்டும் கூடுதல். லேபிளைத் திருப்பி மருந்துகளின் பெயரைப் படியுங்கள். டெக்ஸாமெத்தசோன், பெட்டாமெத்தசோன், பிரெட்னிசோலோன், லோட்டிபிரெட்னால், ஃபுளூரோமெத்தலோன் இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் அது ஸ்டீராய்டு. மருத்துவர் கண்ணை விளக்கு வைத்துப் பார்க்காமல் இதைப் போடவே கூடாது.

விற்பனை நடப்பதற்குக் காரணம் எளிது: வேலை செய்வது போல் இருக்கும். ஸ்டீராய்டு அழற்சியை அமுக்கும். மறுநாள் காலையிலேயே சிவப்பு குறையும், வீக்கம் வடியும், ஆள் ஆபீஸுக்குக் கிளம்பிவிடுவார். வைரஸோ அங்கேயே இருக்கிறது. உடம்பின் எதிர்ப்பை அடக்கிவிட்டதால் கண்ணீரில் வைரஸ் வெளியேறும் நாள்கள் கூடுகின்றன. கண் வெள்ளையாகத் தெரிவதால் யாரும் ஒதுங்குவதில்லை, அவரும் கையைக் கழுவுவதில்லை. ஒரு அலுவலகத்தில் கண்வலி மாதக்கணக்கில் சுற்றினால் இப்படி "குணமான" ஒருவர் அதில் இருக்க வாய்ப்பு உண்டு.

அது பரவல் பக்கம். கண் பக்கம் இன்னும் மோசம். ஒரு கண் மட்டும் சிவந்து, கூச்சமும் வலியும் இருந்தால் அது ஹெர்பிஸ் வைரஸாக இருக்கக்கூடும். அதில் கருவிழிமேல் மரக்கிளை போல் புண் விழும். ஸ்டீராய்டு பட்டால் அந்தக் கிளை அகன்று கருவிழியைத் தின்றுவிடும். வயல் வேலையில் நெல் உமியோ சருகோ பட்டுச் சிவந்த கண்ணைக் கண்வலி என்று நினைத்து இதைப் போட்டால் பூஞ்சைப் புண் கட்டுக்கடங்காமல் போகும். தமிழ்நாட்டில் கருவிழிப் புண்களில் பூஞ்சையின் பங்கு பெரிது என்பதால் இது ஏட்டு எச்சரிக்கை அல்ல. வாரக்கணக்கில் போட்டால் சிலருக்குக் கண் அழுத்தம் ஏறும், வலியே இல்லாமல்.

இதற்கு நியாயமான இடமும் உண்டு. அடினோ வைரஸ் தணியும் சமயத்தில், இரண்டு, மூன்று வாரம் கழித்து, சிலருக்குக் கருவிழியில் சாம்பல் நிறப் புள்ளிகள் தோன்றும். வெளிச்சம் சிதறும், இரவில் எதிர்வண்டி விளக்கு பூப்பூவாக விரியும், எழுத்து மங்கும். கருவிழியில் புள்ளி விழும் இப்படிப்பட்ட ஒரு கொள்ளைநோயை 1920-லேயே சென்னைக் கண் மருத்துவர் கிர்க்பாட்ரிக் பிரிட்டிஷ் கண் மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார். அடினோ வைரஸ் என்ற ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது 1953-ல்தான். "சென்னையில் 1918-ல் வைரஸைக் கண்டுபிடித்தார்கள்" என்று சுற்றும் தகவலை அப்படியே நம்ப வேண்டாம். இந்தப் புள்ளிகள் பார்வையைக் கெடுத்தாலோ, இமைக்குள் சவ்வு போல் படிந்தாலோ மருத்துவர் ஸ்டீராய்டு கொடுப்பார். கொடுத்து வாரக்கணக்கில் படிப்படியாகக் குறைப்பார், இடையில் கண் அழுத்தம் பார்ப்பார். மருத்துவரைக் கேட்காமல் நாமாக நிறுத்தினால் புள்ளிகள் திரும்பும். மேசையில் கைநீட்டி வாங்கும் குப்பியோடு இந்தக் கண்காணிப்பு எதுவும் வருவதில்லை.

சிவப்பை உடனே போக்கும் சொட்டு என்று நாஃபசோலின் கலந்த வகை ஒன்று. ரத்தக் குழாய்களைச் சுருக்கும், சில மணி நேரம் கண் வெளுக்கும், விளைவு இறங்கியதும் முன்னைவிடச் சிவக்கும். கல்யாண போட்டோவுக்கு வேண்டுமானால் ஆசைப்படலாம், கண்வலிக்கு வேண்டாம்.

செயற்கைக் கண்ணீர்: மேசையில் நாங்கள் பரிந்துரைக்கும் ஒரே சொட்டு

கார்பாக்சிமெத்தில்செல்லுலோஸ் 0.5 சதவீதம். கடைக்காரரிடம் "சிஎம்சி சொட்டு" என்றால் புரியும். மருந்தல்ல, மசகு. உறுத்தலைக் குறைக்கும், அழற்சிக் கழிவை நீர்த்துப்போகச் செய்து வெளியேற்றும். வைரஸைக் கொல்லாது, கெடுதலும் செய்யாது. ஒரு நாளைக்கு 4 முதல் 6 வேளை போடலாம். அதற்கு மேல் தேவைப்பட்டால் பாதுகாப்பு ரசாயனம் (குப்பிக்குள் கிருமி வளராமல் தடுப்பது) சேர்க்காத, ஒருமுறை பயன்படுத்தும் சின்னப் பிளாஸ்டிக் குழல்களாக வரும் வகையை வாங்குங்கள். அந்த ரசாயனம், பெரும்பாலும் பென்சல்கோனியம் குளோரைடு, அடிக்கடி பட்டால் ஏற்கெனவே புண்ணான கண் இன்னும் எரியும். ஃபிரிட்ஜ் கதவில் வைத்துச் சில்லென்று போட்டால் இதமாக இருக்கும். மக்கள் மருந்தகங்களிலும் கேட்டுப் பாருங்கள்; அதே சதவீதம், விலை குறைவு.

சீல் உடையாத குப்பியா, தயாரிப்பு எண்ணும் காலாவதித் தேதியும் தெளிவாக இருக்கிறதா என்று பார்ப்பது சம்பிரதாயம் அல்ல. 2023 பிப்ரவரியில், சென்னையை அடுத்த ஒரு தொழிற்சாலையில் தயாரான செயற்கைக் கண்ணீர் அமெரிக்காவில் திரும்பப் பெறப்பட்டது. காரணம், மருந்துக்கு அடங்காத சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா. அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் கணக்கில் 18 மாநிலங்களில் 81 பேர் பாதிக்கப்பட்டனர், 14 பேர் பார்வை இழந்தனர், 4 பேர் இறந்தனர். பல தடவை திறந்து மூடும் குப்பியில் பாதுகாப்பு ரசாயனம் போதாமல் இருந்ததையும் அப்போது சுட்டிக்காட்டினார்கள். பாதுகாப்பு ரசாயனம் இல்லாத மருந்தை வேண்டிக் கேட்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்: அது ஒருமுறை பயன்படுத்தும் குழலாக வர வேண்டும், அல்லது வால்வு வைத்த தனிக் குப்பியாக வர வேண்டும். சாதாரணக் குப்பியில் வந்தால் வாங்காதீர்கள்.

குப்பியைத் திறப்பதிலேயே தவறு தொடங்குகிறது. நம் நாட்டுக் குப்பிகள் பலவற்றில் மூடிக்குள்ளேயே கூர்முள் இருக்கும். மூடியை இறுக்கும் திசையில் கடைசிவரை திருகினால் முனை துளையாகும், பிறகு எதிர்த்திசையில் திருகி எடுக்க வேண்டும். இது தெரியாமல் ஊக்கு, குண்டூசி, கத்தரிக்கோல் என்று குத்துகிறார்கள். கிருமியும் உள்ளே போகும், துளையும் பெரிதாகி ஒரு சொட்டுக்குப் பதில் மூன்று சொட்டு கொட்டும்.

போடும் முறை: கையைக் கழுவு. தலையைப் பின்னால் சாய், கீழ் இமையை விரலால் இறக்கிப் பை போல் ஆக்கு, மேலே பார். குப்பி முனை இமையிலோ முடியிலோ படாமல் ஒரே ஒரு சொட்டு. கண்ணை மூடி, மூக்கோரம் உள்முனையை ஒரு நிமிடம் அழுத்து. வழிந்ததை டிஷ்யூவில் ஒற்றி எடுத்துக் குப்பையில் போடு, கையை மறுபடி கழுவு. ஒரு சொட்டே கண் பிடிக்கும் அளவைவிட அதிகம். இரண்டாவது சொட்டு கன்னத்தில் வழிந்து வைரஸையும் கூடவே இறக்கும். இரண்டு வகைச் சொட்டு என்றால் நடுவில் 5 நிமிட இடைவெளி. வலி இல்லாத கண்ணுக்கும் "முன்னெச்சரிக்கையா" போடுவது வீட்டில் பெரியவர்கள் வழக்கம். வலி உள்ள கண்ணில் முனை பட்ட குப்பியாக இருந்தால் நோயை நாமே மறு கண்ணுக்குக் கொண்டுபோய் விட்டதாக ஆகும். வீட்டில் மூவருக்கு வந்தால் மூன்று குப்பி, ஒவ்வொன்றிலும் பெயர் எழுதி ஒட்டுங்கள். 5 மில்லியில் ஏறக்குறைய 100 சொட்டு இருக்கிறதே என்று பங்கிடத் தோன்றும். வேண்டாம்.

பன்னீர், தாய்ப்பால், நந்தியாவட்டை, விளக்கெண்ணெய்

பன்னீர் பாட்டிலில் "கண்ணுக்கு" என்று எங்கும் எழுதியிருக்காது. நறுமணத்துக்கும் சருமத்துக்கும் விற்பது. கிருமி நீக்கம் செய்யப்பட்டதல்ல. குளிர்ச்சிதான் வேண்டும் என்றால் காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் நனைத்த சுத்தமான வெள்ளைத் துணி போதும். மூடிய இமைமேல் 5 முதல் 10 நிமிடம், நாளைக்கு 3, 4 வேளை. இரண்டு கண்ணுக்கும் வெவ்வேறு துணி. முடிந்ததும் கொதிநீரில் போடுங்கள். தாய்ப்பால், பூச்சாறு, தேன், எண்ணெய் எல்லாம் ஒரே ரகம்: கருவிழியில் சின்னக் கீறல் இருந்தால் அதற்குள் கிருமியை ஊட்டும். பச்சிளங்குழந்தையின் கண்ணில் பீளை என்றால் எந்தக் கைவைத்தியமும் இல்லை, எந்தக் கடைச் சொட்டும் இல்லை. அன்றே மருத்துவமனை. பிறந்த முதல் மாதத்துக் கண்ணோவு பார்வையைப் பறிக்கும் கிருமியாலும் வரும்.

பொவிடோன் ஐயோடின் பற்றியும் ஒரு வார்த்தை. கண் அறுவைக்கு முன் மருத்துவர்கள் 5 சதவீதக் கரைசலைக் கண்ணில் விடுவது உண்மை. மருந்துக்கடையில் காயத்துக்கு விற்பது கண்ணுக்காகத் தயாரித்ததல்ல. அதை வீட்டில் தண்ணீர் கலந்து கண்ணில் விட்டுப் பார்ப்பவர்கள் கருவிழியைப் பொசுக்கிக்கொள்கிறார்கள்.

கறுப்புக் கண்ணாடி

நோயாளியைப் பார்த்தாலே ஒட்டிக்கொள்ளும் என்ற நம்பிக்கையில்தான் இது விற்கிறது. பார்வையால் எந்த வைரஸும் பரவாது. கண்ணீர் பட்ட கை, அந்தக் கை தொட்ட பொருள், அதைத் தொட்ட இன்னொரு கை, அந்தக் கை கசக்கிய கண்: பாதை இவ்வளவுதான். ஆகவே கண்ணாடி எதிரில் இருப்பவரைக் காப்பதில்லை. போட்டிருப்பவருக்கு வெயில் கூச்சம் குறையும், கை அடிக்கடி கண்ணுக்குப் போகாது. அந்த அளவுக்குப் பயன் உண்டு.

வாங்குவதானால் முழுக்கப் பிளாஸ்டிக்காக, சோப்புத் தண்ணீரில் முக்கி எடுக்கக்கூடியதாகப் பாருங்கள். நடைபாதையில் கிடைப்பதே போதும். மூக்குத் தாங்கி தனியாக ஒட்டியிருக்கும் உலோகச் சட்டத்தில் இடுக்குகள் அதிகம், கண்ணீர் அங்கே போய் உட்காரும். துணி உறை வேண்டாம். தம்பி போட்டதை அண்ணன் போட்டால் வாங்கிய நோக்கமே கெட்டது. கண்ணை மூடிக் கட்டும் பஞ்சு அட்டையை மட்டும் வாங்கவே வாங்காதீர்கள். பீளையும் வெப்பமும் உள்ளே அடைந்து கண் மோசமாகும்.

கை, துணி, கதவுப்பிடி: பணம் போக வேண்டிய இடம்

சானிடைசரிலிருந்து தொடங்கலாம். லேபிளில் ஐசோபுரோபைல் ஆல்கஹால் மட்டும் இருந்தால் அடினோ வைரஸிடம் அது பலவீனம். எத்தனால் 70 சதவீதத்துக்கு மேல் என்றால் ஓரளவு உதவும், பேருந்தில் போகும்போது வேறு வழியில்லாதபோது சரி. சாதாரணக் குளியல் சோப்பும் ஓடும் தண்ணீரும் இதைவிட மேல். இங்கே சோப்பு வைரஸைக் கொல்வதால் அல்ல, கையிலிருந்து பெயர்த்து வடிகாலில் அனுப்புவதால். 20 விநாடி தேய்க்க வேண்டும். விரல் நுனியும் நகக்கண்ணும்தான் முக்கியம், கண்ணைக் கசக்குவது அவைதான். ஈரக் கையைப் பொதுத் துண்டில் துடைத்தால் கழுவியது வீண்.

தரை, மேசை துடைக்கும் நறுமணத் திரவங்களில் பல பென்சல்கோனியம் குளோரைடு வகை. கொழுப்பு உறையுள்ள கிருமிகளுக்கு நல்லது, இந்த வைரஸ்களுக்கு நம்பகம் இல்லை. வீட்டில் பழுப்புநிற ஆன்டிசெப்டிக் திரவத்தைப் பக்கெட்டில் ஊற்றித் துணி ஊறவைப்பார்கள். அதில் இருக்கும் குளோரோசைலெனாலுக்கும் அதே குறைதான். வாசனை வந்தால் கிருமி போய்விட்டது என்ற நினைப்பைத்தான் அதில் விலைக்கு வாங்குகிறோம்.

வேலை செய்வது குளோரின். துணி வெளுக்க ஆலா போன்ற திரவம் வாங்குவோமே, அதில் இருப்பது சோடியம் ஹைப்போகுளோரைட். லேபிளில் 4 சதவீதம் என்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 25 மில்லி, 5 சதவீதம் என்றால் 20 மில்லி. ஏறக்குறைய 0.1 சதவீதக் கரைசல் கிடைக்கும், வீட்டுப் பரப்புகளுக்கு இது போதும். பிளீச்சிங் பவுடர்தான் இருக்கிறதென்றால், புதிதாகத் திறந்த பொட்டலத்திலிருந்து லிட்டருக்கு 3 கிராம், கலக்கித் தெளியவைத்து மேல்நீரை மட்டும் எடுங்கள். முதலில் சோப்புத் துணியால் அழுக்கைத் துடைத்துவிட்டு, பிறகு இந்தக் கரைசலில் நனைத்த துணியால் துடைத்து 10 நிமிடம் ஈரமாகவே விட வேண்டும். இங்கேதான் பலரும் கோட்டை விடுகிறார்கள். துடைத்த கையோடு காய்ந்த துணியால் ஒற்றி எடுத்துவிட்டால் குளோரினுக்கு நேரமே கிடைக்காது. அழுக்கின் மேலேயே ஊற்றினாலும் குளோரின் அழுக்கோடு செலவாகிவிடும். உலோகப் பிடிகளை 10 நிமிடம் கழித்து வெறும் தண்ணீரால் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் துருப்பிடிக்கும்.

கரைசல் அன்றன்று கலக்க வேண்டும், நேற்றையது வீரியம் இழந்திருக்கும். பாட்டிலே பழசானாலும் வீரியம் போகும், தயாரிப்புத் தேதியைப் பார்த்து வாங்குங்கள். ஜன்னலைத் திறந்து வைத்து, கையுறை போட்டுக் கலக்குங்கள். கழிப்பறைக்கு ஊற்றும் ஆசிட் வகைத் திரவத்தோடு இது சேரவே கூடாது, குளோரின் வாயு கிளம்பும். குடிநீர் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள்.

துடைக்க வேண்டியவை என்று பார்த்தால் தரை கடைசி. தரையைத் தொட்டு யாரும் கண்ணைக் கசக்குவதில்லை. குழாய்த் திருகு, குளியலறைச் சொம்பு, கதவுக் கொண்டி, சுவிட்ச், ஃபிரிட்ஜ் பிடி, டிவி ரிமோட், வண்டிச் சாவி, ஹெல்மெட்டின் கண்ணாடி இவைதான் முதலில். ரிமோட்டையும் செல்போனையும் குளோரினில் குளிப்பாட்ட முடியாது. பிழிந்த சோப்புத் துணியால் துடைத்து, பிறகு 70 சதவீதத்துக்கு மேல் எத்தனால் உள்ள துடைப்பானால் ஒருமுறை துடைக்கலாம். நோயாளியின் போனை வேறு யாரும் தொடாமல் இருப்பது அதைவிட நல்லது. முதல் வாரம் குழந்தைகள் போனைக் கேட்டு அழுதாலும் கொடுக்காதீர்கள்.

துண்டு, தலையணை உறை, கைக்குட்டை தினமும் மாற்ற வேண்டும். கைக்குட்டைக்குப் பதில் டிஷ்யூ, துடைத்ததும் எறிந்துவிடலாம். இந்தச் சீசனில் அது ஆடம்பரம் அல்ல. வெந்நீரில், சுமார் 60 டிகிரியில் துவைத்து வெயிலில் முறுக உலர்த்துங்கள். மழை நாளில் வெயில் கிடைக்காவிட்டால் இஸ்திரி போடுங்கள். தனிப் படுக்கை முடியாத வீட்டில் தனித் தலையணையாவது அவசியம்.

பள்ளிக்கும் அலுவலகத்துக்கும் எத்தனை நாள் போகாமல் இருப்பது? ரத்தத் திட்டு வகைக்கு ஒரு வாரம் பெரும்பாலும் போதும். அடினோ வகையில் 10 முதல் 14 நாள் வரை கண்ணீரில் வைரஸ் இருக்கும். அவ்வளவு விடுப்பு எல்லோருக்கும் வாய்க்காது என்பது தெரிந்ததே. குறைந்தபட்சம் நீர்வடிதலும் பீளையும் நிற்கும்வரை வீட்டில் இருங்கள், மீதி நாள்களில் கைகழுவலும் தனித் துண்டும். சமையல், முகஅலங்காரம், பிசியோதெரபி, குழந்தைப் பராமரிப்பு என்று கையால் பிறரைத் தொடும் வேலையில் இருப்பவர்கள் முழு இரண்டு வாரமும் விலகியிருப்பதே நியாயம். நீச்சல் குளமும் அதே கணக்கு.

மருத்துவமனைச் சேவை: காத்திருக்கும் கூடத்திலிருந்தே கவனியுங்கள்

எல்லோரும் ஓட வேண்டியதில்லை. ஓட வேண்டியவர்கள்: பார்வை மங்கியவர்கள் (ஒரு கண்ணை மூடி நாளிதழ் எழுத்தைப் படித்துப் பாருங்கள், சிமிட்டினால் தெளிகிறதா என்றும்), உறுத்தல் அல்லாத உண்மையான வலி உள்ளவர்கள், வெளிச்சத்தில் கண் திறக்க முடியாதவர்கள், கருவிழியில் வெள்ளைப் புள்ளி தெரிபவர்கள், கான்டாக்ட் லென்ஸ் போடுபவர்கள், கண்ணில் ஏதாவது பட்ட பிறகு சிவந்தவர்கள், அண்மையில் கண் அறுவை செய்தவர்கள், பச்சிளங்குழந்தைகள். ஒரு வாரம் ஆகியும் குறையாமல் கூடுகிறது என்றாலும் போக வேண்டும். போனில் வீடியோ ஆலோசனை, போக வேண்டுமா வேண்டாமா என்று முடிவெடுக்க உதவும். புண் இருக்கிறதா என்று கருவிழியில் சாயம் போட்டுப் பார்ப்பதற்கு அது மாற்று அல்ல. வீடியோவிலேயே ஸ்டீராய்டு எழுதித் தந்தால் அந்தச் சேவைக்கு எங்கள் மதிப்பெண் பூஜ்யம்.

கண் மருத்துவமனையே நோய் பரப்பும் இடமாகிப் போவது புதிதல்ல. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கக் கப்பல் கட்டும் தளங்களில் இந்த நோய் பரவியதற்கு, கண்ணில் விழுந்த உலோகத் துகளை எடுத்த மருத்துவ அறைகளே ஒரு காரணம். நல்ல மருத்துவமனையில் சிவந்த கண்ணோடு வருபவரை வாசலிலேயே பிரித்துத் தனியாக உட்கார வைப்பார்கள். ஒருவரைப் பார்த்து முடித்ததும் மோவாய் வைக்கும் தாங்கியையும் நெற்றிப் பட்டையையும் துடைப்பார்கள். மருத்துவர் கையுறை மாற்றுவார் அல்லது உங்கள் கண்ணெதிரே கை கழுவுவார். இமையை விரலால் தூக்காமல் பஞ்சுக் குச்சியால் தூக்கினால் இன்னும் நல்லது. சாயத்தைக் குப்பியிலிருந்து ஊற்றாமல் உறை பிரித்த காகிதப் பட்டையால் தொட்டு வைப்பார்கள்.

கண் அழுத்தம் பார்க்கும்போது கருவிழியைத் தொடும் முனையில்தான் கண்டிப்பு வேண்டும். ஆல்கஹால் பஞ்சால் ஒரு துடைப்பு துடைத்துவிட்டு அடுத்தவர் கண்ணில் வைப்பது இந்த வைரஸுக்குப் போதாது. 5 சதவீத ஹைப்போகுளோரைட்டை ஒன்றுக்கு ஒன்பது தண்ணீர் கலந்து, முனையை 5 முதல் 10 நிமிடம் ஊறவைத்து, நன்றாகத் தண்ணீரில் அலசி உலர்த்த வேண்டும். அலசாவிட்டால் மிச்ச குளோரின் கருவிழியை எரிக்கும். நெரிசலில் இது நடக்காது என்று தோன்றினால், ஒருமுறை பயன்படுத்தி எறியும் முனை இருக்கிறதா, அல்லது கண்வலி அடங்கியபின் அழுத்தம் பார்க்கலாமா என்று கேட்பதில் தவறில்லை. நல்ல மருத்துவர் கோபித்துக்கொள்ள மாட்டார். பவர் பார்க்கும் வேலையையும் கண்ணாடிக் கடையில் சட்டம் போட்டுப் பார்ப்பதையும் ஒரு மாதம் தள்ளிப்போடுங்கள். வீங்கிய கண்ணுக்கு எடுத்த பவர் சரியாகவும் இருக்காது, நீங்கள் போட்டுக் கழற்றிய சட்டத்தை அடுத்தவர் மூக்கில் வைப்பார்.

கான்டாக்ட் லென்ஸ்காரர்களுக்குச் செலவு கொஞ்சம் அதிகம். கண் சிவந்த அன்றே லென்ஸைக் கழற்றி எறிய வேண்டும், டப்பாவையும் திறந்திருக்கும் கரைசலையும் சேர்த்து. கண் முழுதாக வெளுத்து, பீளை நின்று, மருத்துவரும் சரி என்ற பிறகே புது ஜோடி. ஆண்டு லென்ஸ் விலை கூடுதலாயிற்றே, கழுவிப் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்பவர்கள், அதைக் காப்பாற்ற முடியுமா என்று கடையில் கேட்காமல் மருத்துவரிடம் கேளுங்கள். கண்மை, மஸ்காரா, ஐலைனர் எல்லாமே நோய் வந்த அன்று கையில் இருந்தவை குப்பைக்குத்தான். அக்காவும் தங்கையும் ஒரே கண்மை டப்பாவில் விரல் விட்டிருந்தால், நோய் வராதவருடையதும் சேர்த்து.